நம் மலையின் இரத்தத்தில் ஓர் எழுத்துப் பிழை



சென்ற இதழில் மலை ரயிலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் போன் செய்தீர்கள். அடுத்து கல்லட்டி மலைப்பாதையின் கதை என்று சொல்லியிருந்தேன். அது கொஞ்சம் காத்திருக்கட்டும். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது, பார்த்திருப்பீர்கள். 'மரபணு சிகிச்சை வந்துவிட்டது, இனி பரம்பரை நோய்களே கிடையாது' என்று. கீழே பத்துப் பதினைந்து கைகூப்பும் படங்கள். அந்தச் செய்தி பாதி உண்மை. அதைவிட முக்கியமாக, அந்தச் செய்திக்கும் நம் நீலகிரிக்கும் எழுபது ஆண்டுகளுக்கு மேலான தொடர்பு இருக்கிறது. நான் படித்தது பி.காம்., வேலை பார்த்தது வங்கிக் கவுண்ட்டரில். மருத்துவம் தெரிந்தவன் அல்ல. ஆனாலும் இந்த வரலாற்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்பதை நடுவில் சொல்கிறேன்.

குன்னூர் என்றால் தேயிலை, வர்க்கி, சிம்ஸ் பார்க் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இது மருத்துவ ஆராய்ச்சிக்கும் பேர்போன ஊர். 1907ல் இங்கே பாஸ்டர் நிலையம் வந்தது. நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொள்ளத் தென்னிந்தியா முழுவதிலிருந்தும் ஜனங்கள் மலையேறி வந்தார்கள். 1918ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் அதே வளாகத்தில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்தச் சின்ன ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. (நம் ஊரிலிருந்து இறங்கிப்போன பெரிய விஷயங்களின் பட்டியல் கொஞ்சம் நீளம்.)

நம் கதை தொடங்குவது 1952ல். ஹெர்மன் லேமன் என்பவர் ஜெர்மனியில் பிறந்தவர், ஹிட்லர் காலத்தில் இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். மேரி கட்புஷ் ஆஸ்திரேலியப் பெண்மணி, இரத்தப் பிரிவுகளை ஆராய்ந்தவர். இவர்கள் இருவரும் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தைப் பரிசோதித்து, அதில் 'அரிவாள் செல்' தன்மை இருப்பதை அந்த ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதுவரை இது ஆப்பிரிக்கர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் உள்ள நோய் என்றுதான் பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். அதே 1952ல் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இது இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் அரிவாள் செல்லின் வரலாறு இரண்டு இடங்களில் ஆரம்பிக்கிறது, இரண்டும் தேயிலை விளையும் பூமி.

அரிவாள் செல் என்றால் என்ன? நம் சிவப்பணுக்கள் வட்டமாக, நடுவில் லேசாக அமுங்கியிருக்கும். மெதுவடை மாவைத் தட்டி, துளை போடாமல் விட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குறுகிய இரத்தக்குழாயிலும் வளைந்து நெளிந்து போய்விடும். இந்த நோய் உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் குறையும்போது அந்த அணுக்கள் விறைத்து, கதிர் அறுக்கும் அரிவாள்போல வளைந்துவிடுகின்றன. சிறிய குழாய்களில் சிக்கிக்கொண்டு இரத்தம் போகாமல் அடைக்கின்றன. அப்போது கை, கால், முதுகு, மார்பு எங்கும் தாங்க முடியாத வலி வரும். சாதாரண சிவப்பணு 120 நாள் உயிரோடு இருக்கும். இது அதற்கு வெகு முன்பே உடைந்துவிடும். அதனால் சோகை, கண்ணில் மஞ்சள். குளிர், காய்ச்சல், தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது, இவையெல்லாம் வலியைக் கிளப்பிவிடும். நம் மலையில் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு இந்த மூன்றும் எப்போதும் கூடவே இருப்பவை.

இதன் காரணம் ஒரே ஒரு எழுத்து. 1910ல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற டாக்டர் கிரெனடா தீவிலிருந்து வந்த ஒரு மாணவரின் இரத்தத்தில் இந்த வளைந்த அணுக்களை முதலில் எழுதிவைத்தார். 1949ல் லைனஸ் பாலிங், கோளாறு ஹீமோகுளோபினிலேயே இருக்கிறது என்று காட்டினார். 1956ல் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் அந்த இடத்தையே சுட்டிக்காட்டிவிட்டார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 கண்ணிகள். அதில் ஆறாவது கண்ணியில் குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருக்கிறது. மரபணுவில் ஒரு எழுத்து மாறியதன் விளைவு அது. மனிதனின் மரபணு ஏட்டில் சுமார் 300 கோடி எழுத்துகள்.

வங்கியில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அரையாண்டு முடிவில் லெட்ஜர்களைக் கூட்டினால் 9 ரூபாய் உதைக்கும். எங்கோ ஒருவர் 54ஐ 45 என்று எழுதியிருப்பார். அந்த ஒரு பதிவைத் தேடி இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்போம். எங்களுக்காவது பிழை கிடைத்ததும் சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே பிழை எங்கே என்று தெரிந்த பிறகும் திருத்தும் பேனா கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

இந்தப் பிழை அழியாமல் ஏன் தலைமுறை தலைமுறையாக நின்றது? 1954ல் அந்தோணி அலிசன் என்பவர் ஆப்பிரிக்காவில் பதில் கண்டார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையுள்ள மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் இல்லை. அவர் வெறும் 'கேரியர்', பெரும்பாலும் தெம்பாகவே வாழ்வார். அதோடு அவரைக் கடுமையான மலேரியா அவ்வளவு சுலபமாகக் கொன்றுவிடாது. நம் மாவட்ட வரலாறு தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு பொறி தட்டும். 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று லண்டன் கம்பெனிகள் பணத்தைக் கொட்டின. வந்த வெள்ளைக்காரர்களைக் காய்ச்சல் பாடாய்ப் படுத்தியது. அந்தக் காட்டில் காலங்காலமாக வாழ்ந்துவந்தவர்கள் பணியர், குரும்பர் போன்ற மக்கள். அவர்களைக் காத்த கவசமே சில குழந்தைகளுக்கு நோயாகவும் ஆனது. ஆக, இதை யாருடைய குற்றமாகவும் சாபமாகவும் பேசுவதில் அர்த்தமே இல்லை. பழங்குடியினரின் நோய் என்று முத்திரை குத்துவதும் சரியல்ல. கூடலூர், வயநாடு பக்கத்து வயநாடன் செட்டி சமூகத்திலும் இது இருக்கிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1980களின் பிற்பகுதியில் கூடலூர்ப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். அரசாங்க ஐ.ஆர்.டி.பி. கடன்கள் ஏராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஒரு பணியர் இளைஞர் ஆடு வாங்கக் கடன் எடுத்திருந்தார். கவுண்ட்டருக்கு வரும்போதெல்லாம் கண் மஞ்சளாக இருக்கும். "சாரே, இந்த மாசம் பணிக்குப் போகலை, மேலெல்லாம் நோவு" என்பார். இரண்டு மாதம் தவணை வரும், மூன்று மாதம் வராது. மஞ்சள் கண்ணைப் பார்த்துக் குடிகாரர் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். ஆய்வுக் குறிப்பில் 'வேலைக்கு ஒழுங்காகப் போவதில்லை' என்று எழுதினேன். அது என் கையெழுத்துதான். பிறகு ஒருநாள் அவர் மனைவி ஒரு கைக்குழந்தையோடு வந்தார். இறப்புச் சான்றைக் கொடுத்துவிட்டு, நான் காட்டிய இடங்களில் கைநாட்டு வைத்தார். சான்றில் வயது 28.

அவருக்கு இருந்தது அரிவாள் செல் நோய்தான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்போது யாரும் அவரைச் சோதிக்கவில்லை. ஆனால் ஓய்வுபெற்ற பிறகு இந்த நோயின் அறிகுறிகளை ஒரு கட்டுரையில் படித்தபோது, மஞ்சள் கண், மேல் நோவு, குளிர் மாதங்களில் வேலைக்குப் போக முடியாமை என்று ஒவ்வொன்றாக அந்த மனிதர்தான் கண்முன் வந்தார். லேமனும் கட்புஷும் இந்த மலையின் இரத்தத்தைப் பற்றி எழுதி அப்போது முப்பத்தைந்து வருடம் கடந்திருந்தது. உலகத்துக்கெல்லாம் தெரிந்த விஷயம் எங்கள் கவுண்ட்டருக்கு வந்துசேரவில்லை.

வந்துசேரச் செய்தவர்கள் சிலர். கோத்தகிரியில் டாக்டர் எஸ். நரசிம்மன் 1958ல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம் இன்றும் நடக்கிறது. 'நாவா' என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரிவாள் செல் நோய்க்கென்று தனி மையம் வைத்து, கிராமம் கிராமமாகப் போய்ப் பரிசோதித்தார்கள். கூடலூரில் 1990ல் 'அஸ்வினி' அமைப்பு பதிவாகி, டாக்டர் சைலாதேவி, டாக்டர் நந்தகுமார் மேனன் தம்பதியின் முயற்சியில் ஆதிவாசி மருத்துவமனை வளர்ந்தது. பழங்குடிப் பெண்களையே நர்ஸ்களாகவும் கிராம சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். குழுக் காப்பீடு என்பது நடுத்தர வர்க்கத்துக்கே புதிதாக இருந்த 1990களிலேயே பழங்குடி மக்களுக்காக ஒரு காப்பீட்டுத் திட்டத்தையும் நடத்திக் காட்டினார்கள்.

இந்த மையங்கள் செய்தது என்ன? பெயர் பெயராகப் பதிவேடு வைத்தார்கள். யாருக்கு நோய், யார் கேரியர், யார் ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று. ஃபோலிக் அமில மாத்திரை, குழந்தைகளுக்குத் தொற்று வராமல் தடுப்பூசி, வலி வந்தால் உடனே கவனிப்பு, தேவைப்பட்டால் ஹைட்ராக்ஸியூரியா. இந்தக் கடைசி மருந்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அரிவாள் செல்லுக்கு 1998ல் அனுமதி பெற்ற பழைய மருந்து. வலி வருவதைக் கணிசமாகக் குறைக்கும்.

அது வேலை செய்யும் விதம் சுவையானது. தாயின் வயிற்றில் இருக்கும்போது நமக்கு இருப்பது வேறு வகை ஹீமோகுளோபின், சிசு ஹீமோகுளோபின் என்று சொல்லலாம். பிறந்து சில மாதங்களில் அது நின்று, பெரியவர்களின் வகை வந்துவிடும். 1948ல் நியூயார்க்கில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை டாக்டர், இந்த நோய் உள்ள பச்சிளங்குழந்தைகளின் அணுக்கள் மட்டும் அவ்வளவாக வளைவதில்லை என்பதைக் கவனித்தார். சிசு ஹீமோகுளோபின் இருக்கும் வரை பாதுகாப்பு. ஹைட்ராக்ஸியூரியா அதைப் பெரியவர்களிடமும் ஓரளவு கூட்டுகிறது. நம் நாட்டு நோயாளிகள் பலருக்கு இயற்கையாகவே இது சற்று அதிகம் என்பதும் பின்னால் தெரிந்தது. அதற்காக இங்கே நோய் லேசானது என்று எண்ணிவிட வேண்டாம். கடுமையாக அவதிப்படுபவர்கள் இங்கும் உண்டு.

2008ல் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கின் ஆய்வகத்தில் விஜய் சங்கரன் முதலானோர், சிசு ஹீமோகுளோபினை அணைத்து வைக்கும் சுவிட்ச் எது என்று கண்டார்கள். பெயர் பிசிஎல்11ஏ. அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டால் பழைய ஹீமோகுளோபின் திரும்ப வருமே! வாட்ஸ்அப்பில் வந்த 'மரபணு சிகிச்சை'யின் அடிப்படை இதுதான். ஆறாவது கண்ணியில் உள்ள பிழையை அது தொடுவதே இல்லை. பிழையான பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, பழைய நல்ல பக்கத்தைத் திரும்பத் திறக்கிறது.

மரபணு சிகிச்சை என்ற கனவு அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது. 1990 செப்டம்பரில் அமெரிக்காவில் அஷாந்தி டிசில்வா என்ற நான்கு வயதுச் சிறுமிக்கு, நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாத ஒரு பரம்பரைக் குறைபாட்டுக்கு முதலில் செய்தார்கள். இன்னும் பத்து வருடத்தில் எல்லா நோயும் தீரும் என்று பத்திரிகைகள் எழுதின. 1999ல் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் இப்படி ஒரு சோதனையில் இறந்தார். அடுத்து பாரீஸில் இந்தச் சிகிச்சையால் குணமான குழந்தைகளில் சிலருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. உள்ளே அனுப்பிய மரபணு தவறான இடத்தில் போய் உட்கார்ந்ததுதான் காரணம். துறையே பல வருடம் பின்வாங்கியது. எனவே 'இனி நோய்களே கிடையாது' என்று யார் அனுப்பினாலும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 1990லும் இதே கைகூப்புதல் நடந்தது.

பிறகு வந்தது கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரி. 2019 ஜூலையில் அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சேர்ந்த விக்டோரியா கிரே என்ற பெண்மணிக்கு அரிவாள் செல் நோய்க்காக இதைச் செய்தார்கள். வருடத்தில் பலமுறை ஆஸ்பத்திரியில் கிடந்தவர், அதன் பிறகு வேலைக்குப் போகிறார். 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பர் 8ல் அமெரிக்காவும் 'காஸ்ஜெவி' என்ற இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. சோதனையில் போதிய காலம் கண்காணித்த 31 பேரில் 29 பேருக்கு ஒரு முழு ஆண்டு கடும் வலி வரவில்லை. பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை.

ஆனால் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிற விஷயம் இல்லை இது. நோயாளியின் ஸ்டெம் செல்களை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே திருத்தித் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். பிறகு கீமோதெரபி கொடுத்துப் பழைய எலும்பு மஜ்ஜையை முழுவதும் காலி செய்துவிட்டு, புதியதை ஏற்றி, வாரக்கணக்கில் தனியறையில் வைத்திருக்க வேண்டும். குழந்தைப்பேறு பாதிக்கப்படும் அபாயமும் உண்டு.

விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய். அதே நாளில் அனுமதி பெற்ற இன்னொரு சிகிச்சைக்கு 31 லட்சம் டாலர்.

பழக்கதோஷம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். 18 கோடியை 7 சதவீத வட்டியில் டெபாசிட் போட்டால் வருடத்துக்கு 1 கோடியே 26 லட்சம் வட்டி. ஒருவருக்கு ஹைட்ராக்ஸியூரியா நாளொன்றுக்கு 25 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், வருடத்துக்கு 9,125 ரூபாய். அதாவது ஒரு சிகிச்சையின் விலையில் அசலைத் தொடாமல், வட்டியை மட்டும் வைத்து 1,380 பேருக்கு ஆயுள் முழுவதும் மருந்து கொடுக்கலாம். இதைச் சொல்வதால் நான் புதிய சிகிச்சைக்கு எதிரி என்று நினைக்காதீர்கள். மாத்திரை நோயைக் குணமாக்காது, அடக்கி வைக்கும், அவ்வளவுதான். குணமாக ஒரு வழி இருக்கும்போது அது கூடலூர்ப் பிள்ளைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்றுதான் நானும் கேட்கிறேன்.

நம்பிக்கை தரும் செய்தி பக்கத்திலேயே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் 1986லிருந்தே எலும்பு மஜ்ஜை மாற்று செய்கிறார்கள். உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் அரிவாள் செல்லும் அதில் குணமாகும், பொருந்தும் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அதே வேலூரில் டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா குழுவினர், இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு அவர்களுடைய ஸ்டெம் செல்லிலேயே சரியான மரபணுவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதன் பலன் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. அரிவாள் செல்லுக்கென்று டெல்லியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். மரபணு ஆய்வு நிறுவனம் ஒரு கிரிஸ்பர் சிகிச்சையை உருவாக்கியிருக்கிறது. பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் நினைவாக 'பிர்சா 101' என்று பெயரிட்டு 2025 நவம்பரில் அறிவித்தார்கள். தொழில்நுட்பம் புனேயின் சீரம் நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. மேல்நாட்டு விலையில் சிறு பங்குக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆஸ்பத்திரியில் கேட்டால் கிடைக்கும் நிலைக்கு அது வர இன்னும் படிகள் இருக்கின்றன.

அது எப்போது வந்தாலும், யாருக்குத் தேவை என்று தெரிந்தால்தானே கொடுக்க முடியும்? 2023 ஜூலை 1ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் நோயை ஒழிப்பது என்பது இலக்கு. தமிழ்நாடும் அதில் உண்டு. நாவாவும் அஸ்வினியும் பதிவேட்டில் பெயர் பெயராக எழுதி வந்ததன் பெரிய வடிவம்தான் அது.

பரிசோதனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று. கணவன் மனைவி இருவரும் கேரியராக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் சீட்டைப் புதிதாகக் குலுக்கிப் போட வேண்டியதுதான். முன்கூட்டித் தெரிந்தால் டாக்டரிடம் கேட்டு முடிவெடுக்கலாம், பிறந்த குழந்தையை முதல் மாதத்திலிருந்தே கவனிக்கலாம்.

இதில் நம் குடியிருப்புக்கு என்ன சம்பந்தம்? நம் தோட்டத்தைப் பார்ப்பவர்கள், வீட்டு வேலைக்கு வருபவர்கள், காவலுக்கு இருப்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிச் சரிவுகள். சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் இப்போது ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கரிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அந்த மாநிலங்களிலும் இந்த நோய் உண்டு. "மேல் வலிக்குது, நாளைக்கு வரமாட்டேன்" என்று அவர்களில் ஒருவர் சொன்னால், நான் அன்று எழுதிய குறிப்பை நீங்கள் மனதுக்குள் எழுதிவிடாதீர்கள்.

நம் சங்கம் வருடாவருடம் நடத்தும் மருத்துவ முகாமில் சர்க்கரையும் பிரஷரும்தான் பார்க்கிறோம். இந்த ஆண்டு அரிவாள் செல் பரிசோதனையையும் சேர்க்கச் செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். விரலில் ஒரு துளி இரத்தம் போதும். சந்தேகம் இருந்தால் மட்டும் இரண்டாம் கட்டமாக ஆய்வகப் பரிசோதனை. நம் வீட்டுப் பிள்ளைகளும் செய்துகொள்ளலாம், வேலைக்கு வருபவர்கள் குடும்பத்தோடு வரலாம், கட்டாயம் யாருக்கும் கிடையாது. முடிவை நோட்டீஸ் போர்டிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடக் கூடாது, உறையில் ஒட்டி அவரவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பதையும் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். முகாமன்று பெயர் பதியும் மேஜையில் நானே உட்கார்ந்துகொள்கிறேன்.